கோளங்கள், கோள்கள், புவியியல் வரைபடம்: மூன்றையும் ஒன்றாகப் படிப்பது எப்படி?

கேள்வி இது: "இந்த ஆண்டு புவி அறிவியல் படிக்கத் தொடங்கியிருக்கிறேன். முதல் பாடம் பாறைக்கோளம், நீர்க்கோளம், வளிமண்டலம், உயிர்க்கோளம். அடுத்தது சூரியக் குடும்பம். அப்புறம் திடீரென்று புவியியல் வரைபடம். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத மாதிரி இருக்கிறது. அந்த வரைபடத்தின் வண்ணங்களையும் கோடுகளையும் எப்படித்தான் வாசிப்பது?"

தொடர்பு இருக்கிறது. நான்கு கோளங்களையும் நான்கு தனித்தனி வட்டங்களாகப் போட்டுக் காட்டும் படம்தான் அதை மறைத்துவிடுகிறது. எனக்கு அந்தப் படம் பிடிப்பதே இல்லை. கோளங்கள் எப்போதும் ஒன்றிடமிருந்து ஒன்று பொருளை வாங்கிக்கொண்டும் கொடுத்துக்கொண்டும் இருக்கின்றன. அப்படி நடந்ததற்கான சான்று பாறையில் தங்கிவிடுகிறது. அந்தச் சான்றுகள் எந்த இடத்தில் கிடைக்கின்றன, எது முதலில் நடந்தது, எது பிறகு நடந்தது என்று தாளில் எழுதி வைத்தால் அது புவியியல் வரைபடம். நிலவுக்கும் செவ்வாய்க்கும் அதே முறையில்தான் வரைபடம் போடுகிறார்கள். பொதுவாகச் சொல்லிக்கொண்டே போனால் மனதில் நிற்காது என்பதால் ஒரே ஊரை எடுத்துக்கொள்கிறேன்: அரியலூர்.

அரியலூரைச் சுற்றி சிமெண்ட் ஆலைகள் ஏன் இத்தனை என்று கேட்டால், சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்பார்கள். சுண்ணாம்புக்கல் ஏன் அங்கே இருக்கிறது என்பதுதான் நம் பாடம். மழைநீர் காற்றிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகிறது. அந்த நீர் நிலத்துப் பாறைகளிலிருந்து கால்சியத்தைக் கரைத்து ஆறுகள் வழியாகக் கடலுக்குக் கொண்டுபோகிறது. கடலில் சிப்பிகளும் பவளங்களும் அந்தக் கால்சியத்தையும் கரைந்திருக்கும் கரியமில வாயுவையும் சேர்த்து ஓடு கட்டிக்கொள்கின்றன. அவை செத்த பிறகு ஓடுகள் அடியில் குவிந்து இறுகிப் பாறையாகின்றன. காற்றில் இருந்த ஒன்று நீர் வழியாக உயிருக்குப் போய், உயிரிலிருந்து பாறைக்குப் போய்விட்டது. இப்போது ஆலையில் அந்தக் கல்லைச் சுமார் 900 பாகை செல்சியஸுக்குச் சூடாக்குகிறார்கள். சுத்தமான கால்சியம் கார்பனேட்டாக இருந்தால், ஒரு டன் கல்லிலிருந்து 440 கிலோ கரியமில வாயு வெளியேறும். உலை எரிபொருளின் புகை இதில் சேராது. இது கல்லுக்குள் இருந்தது மட்டும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் கடல் பூட்டி வைத்த வாயு, சில மணி நேரத்தில் காற்றுக்குத் திரும்பிவிடுகிறது. நான்கு கோளங்களும் இந்த ஒரு கல்லில் வந்துபோய்விட்டன.

இங்கிருந்து கோள்களுக்குத் தாவுவது எளிது. வெள்ளி கிட்டத்தட்ட பூமியின் அளவுள்ள கோள். ஆனால் அதன் காற்றில் 96 விழுக்காட்டுக்கும் மேல் கரியமில வாயு. தரையில் அழுத்தம் நம்முடையதைப் போல 90 மடங்குக்கு மேல், வெப்பம் 460 பாகையைத் தாண்டும். பூமியிலும் கரியமில வாயுவின் மொத்தக் கையிருப்பு அதற்கு மிகக் குறைந்ததல்ல. இங்கே அதில் பெரும்பகுதி சுண்ணாம்புக்கல்லாகப் பாறைக்குள் கிடக்கிறது, அவ்வளவுதான். திரவ நீர் இருக்கும் கோளில்தான் இந்தப் பூட்டும் வேலை நடக்கும். வெள்ளியில் நீர் போனதும் அது நின்றுவிட்டது. செவ்வாயின் கதை வேறு: சிறிய கோள், காந்தப்புலத்தை இழந்தது, காற்றின் பெரும்பகுதி விண்வெளிக்குக் கசிந்துவிட்டது. இன்று அங்கே தரை அழுத்தம் பூமியின் அழுத்தத்தில் ஒரு விழுக்காடுகூட இல்லை. கோள்களை ஒப்பிட்டுப் படிப்பதன் பயன் இதுதான். சூரியனிலிருந்து எவ்வளவு தூரம், எத்தனை துணைக்கோள்கள் என்று மனப்பாடம் செய்வதைவிட, ஒரே பொருள் ஒவ்வொரு கோளிலும் எந்தக் கோளத்தில் போய்த் தங்கியது என்று கேட்டுப் பாருங்கள், பாடமே மாறிவிடும்.

சரி, வரைபடத்துக்கு வருவோம். அரியலூர், பெரம்பலூர், திருச்சி வட்டாரத்துக் கடல் புதைபடிவங்களை 1840களில் கேய், கன்லிஃப் என்ற இருவர் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் என்ற அறிஞர் அவற்றை ஆராய்ந்து 1846இல் விவரித்தார். 1851இல் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை தொடங்கியது. அதில் சேர்ந்த ஹென்றி பிளான்ஃபோர்ட் இந்தப் பகுதியை நடந்து அளந்து, பாறைகளை ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று பிரிவுகளாகப் பிரித்தார். அவருடைய விவரமான அறிக்கை 1860களில் வெளியானது. உட்பிரிவுகள் எத்தனையோ வந்துவிட்டாலும் அந்த மூன்று பெயர்களும் இன்றும் புழக்கத்தில் இருக்கின்றன. இதே பிளான்ஃபோர்ட்தான் 1875இல் இந்திய வானிலைத் துறை உருவானபோது அதன் தலைமைப் பொறுப்புக்கு வந்தவர். இமயமலையில் பனி அதிகம் தங்கினால் அடுத்து வரும் தென்மேற்குப் பருவமழை குறையலாம் என்று 1884இல் எழுதியவரும் அவர்தான். பாறையைப் படித்த அதே கண்தான் காற்றையும் பனியையும் மழையையும் இணைத்துப் பார்த்தது என்பது எனக்கு எப்போதும் வியப்பாக இருக்கும்.

களத்தில் புவியியலாளர் கையில் இருப்பவை அதிகமில்லை: டோபோ ஷீட் (நிலத்தின் ஏற்ற இறக்கங்களைக் காட்டும் வரைபடம்), சுத்தியல், கை லென்ஸ், சாய்வு அளக்கும் வசதியுள்ள காம்பஸ், சின்னக் குப்பியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம். பாறை வெளியே தெரியும் ஓடைக்கரை, கிணறு, குவாரி, சாலை வெட்டு ஒவ்வொன்றிலும் நின்று, என்ன பாறை, மணல் எத்தனை பெரிசு, என்ன புதைபடிவம், அடுக்கு எந்தத் திசையில் நீள்கிறது, எந்தப் பக்கம் எத்தனை பாகை சாய்கிறது என்று குறிக்கிறார். அடுக்கு நீளும் திசையைக் கல்லூரிகளில் ஸ்ட்ரைக் என்றும் சாய்வை டிப் என்றும் சொல்வார்கள். அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும். அந்தக் குமிழிகளில் வெளிவருவது, மேலே சொன்ன கடல் பூட்டி வைத்த அதே கரியமில வாயு.

பாறை எல்லா இடத்திலும் வெளியே தெரியாது. பெரும்பாலும் மேலே மண், வயல், வீடு. தெரிந்த இடங்களுக்கு நடுவே எல்லைக்கோட்டை அறிந்து ஊகித்துத்தான் இழுக்க வேண்டும். அதனால்தான் வரைபடத்தில் கோடுகளுக்கு வகை உண்டு. கண்ணால் பார்த்த எல்லை என்றால் முழுக்கோடு. ஊகித்தது என்றால் விட்டு விட்டு இழுத்த கோடு. மண்ணுக்கடியில் மறைந்தது என்றால் புள்ளிக்கோடு. நிறையப் பேர் வண்ணங்களை மட்டும் பார்த்துவிட்டு இதைக் கவனிக்காமல் விடுகிறார்கள். போட்டவர் எதைப் பார்த்தார், எதை ஊகித்தார் என்று நேர்மையாகச் சொல்லும் இடம் அந்தக் கோடுதான்.

இப்போது வரைபடத்தை மேற்கிலிருந்து கிழக்காக வாசிப்போம். பெரம்பலூர்ப் பக்கம் நைஸ், சார்னோகைட் போன்ற மிகப் பழைய உருமாற்றப் பாறைகள், அதாவது ஆழத்தில் வெப்பத்தாலும் அழுத்தத்தாலும் மாறிப்போனவை. அவற்றின் மேல் நேரடியாகக் கிரிட்டேசியஸ் காலத்துப் படிவுகள் உட்கார்ந்திருக்கின்றன. கிரிட்டேசியஸ் என்பது சுமார் 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிந்த காலம். அடியிலுள்ள பாறை பிறந்ததற்கும் மேலுள்ளது படிந்ததற்கும் நடுவே நூறு கோடி ஆண்டுகளுக்கு மேல் இடைவெளி. வரைபடத்தில் அது ஒரே ஒரு கோடு. அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து நிறுத்திப் பாருங்கள். மலைகள் எழுந்து, அரித்து, சமமாகிப்போன காலமெல்லாம் அதற்குள் அடங்கிவிட்டது. இப்படிப்பட்ட இடைவெளியை இசைவின்மை என்று பாடநூல்கள் சொல்கின்றன. ஸ்காட்லாந்தின் சிக்கார் முனையில் ஜேம்ஸ் ஹட்டன் 1788இல் பார்த்து, பூமியின் வயது மிகப் பெரியது என்ற முடிவுக்குப் பலம் சேர்த்துக்கொண்டதும் இப்படி ஒரு எல்லையைத்தான்.

அடிப்பாறையை ஒட்டித் தெரணிப் பக்கம் களிமண் அடுக்குகள் இருக்கின்றன. அவற்றில் நிலத்துத் தாவரங்களின் இலைத்தடங்கள் கிடைக்கும். அதாவது கடல் இன்னும் வரவில்லை. இந்தியா கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டத்திலிருந்து பிரிந்து, கிழக்குக் கரை விரிசல் விட்டுத் தாழ்ந்து, கடல் உள்ளே ஏறுவது அதற்கு அப்புறம். கல்லக்குடி என்றதும் பலருக்கும் 1953 போராட்டம்தான் நினைவுக்கு வரும். புவியியல்காரருக்கு அங்கே வெட்டியெடுக்கும் பவளச் சுண்ணாம்புக்கல் நினைவுக்கு வரும். ஆழமில்லாத, தெளிந்த, வெதுவெதுப்பான கடல் அங்கே இருந்தது என்பதற்கு அது சாட்சி. காரை கிராமத்தருகே நிலம் மாறிவிடும்: ஓடைகள் அரித்துக் கூறுபோட்ட வெற்றுக் களிமண் மேடுகள், அவற்றில் சுருள் ஓடுள்ள அம்மோனைட்டுகள், தோட்டா வடிவப் பெலம்னைட்டுகள். இரண்டும் கணவாய்க்கு உறவான, அழிந்துபோன கடல் உயிர்கள். நுண்ணிய களிமண் படிய அமைதியான நீர் வேண்டும், எனவே கடல் இன்னும் ஆழமாகியிருக்கிறது. அந்தக் களிமண்ணை ஜிப்சம் நரம்புகள் குறுக்கே வெட்டிப் போகின்றன. வெட்டுவது எப்போதும் வெட்டப்படுவதைவிட இளையது, எனவே ஜிப்சம் களிமண்ணுக்குப் பின்னால் வந்தது. வயதைச் சொல்லும் ஆய்வுக்கூடம் எதுவும் இல்லாமலேயே வரிசை கிடைத்துவிட்டது.

கிழக்கே போகப்போக இளைய பாறைகள். கருடமங்கலத்துச் சிப்பிக்கல், கல்லங்குறிச்சியின் தடித்த சிப்பிகள் நிறைந்த சுண்ணாம்புக்கல், அதற்கு மேல் கல்லமேட்டு மணற்கல். கல்லமேட்டில் கடல் உயிர்களுக்குப் பதில் டைனோசர் எலும்புகள். 1980களில் அங்கிருந்து மிகப் பெரிய எலும்புகள் விவரிக்கப்பட்டன. பின்னர் அவை சிதைந்துபோயின, அந்த விலங்கின் அளவு பற்றிய வாதம் ஓயவில்லை. நம் வாசிப்புக்கு முக்கியமானது இது: கடல் பின்வாங்கி நிலம் வெளிப்பட்டிருக்கிறது. அதற்கு மேலே நின்னியூர் அடுக்குகளில் மறுபடி கடல் உயிர்கள், ஆனால் டைனோசர்களும் அம்மோனைட்டுகளும் உலகிலிருந்தே போய்விட்ட காலம் அது. கல்லமேட்டுக்கும் நின்னியூருக்கும் நடுவே எங்கோ 6.6 கோடி ஆண்டுக்கு முந்தைய அந்தப் பேரழிவு இருக்கிறது. இன்னும் கிழக்கே ஜெயங்கொண்டம் பக்கம் இவை எல்லாவற்றையும் மூடிக்கொண்டு செந்நிறக் கடலூர் மணற்கல், தெற்கே கொள்ளிடக் கரையில் நேற்று முன்தினம் வரை படிந்துகொண்டிருக்கும் வண்டல்.

மேலே இருப்பது இளையது, கீழே இருப்பது மூத்தது என்பதை நிக்கோலஸ் ஸ்டெனோ 1669இல் எழுதினார். அப்படியானால் தரையில் பக்கவாட்டில் நடக்கும்போது ஏன் வயது மாற வேண்டும்? அடுக்குகள் கிழக்கே மெல்லச் சாய்ந்திருப்பதால்தான். சாய்ந்து கிடக்கும் அடுக்கைத் தரை கிடையாக வெட்டுகிறது, ஒவ்வொன்றாக வெளியே தெரிகிறது. இதில் ஒரு கணக்கைச் செய்து பார்க்க வேண்டும். 100 மீட்டர் தடிமனுள்ள அடுக்கு செங்குத்தாக நின்றால் சமதரையில் அதன் அகலம் 100 மீட்டர்தான். அதே அடுக்கு 5 பாகை மட்டும் சாய்ந்திருந்தால் அகலம் சுமார் 1,150 மீட்டர். தடிமனைச் சாய்வின் சைன் மதிப்பால் வகுத்தால் இது வரும். எனவே வரைபடத்தில் ஒரு வண்ணம் அகலமாக விரிந்திருந்தால் அந்த அடுக்கு தடிமன் என்று உடனே நினைத்துவிடாதீர்கள், முதலில் சாய்வைப் பாருங்கள். சாய்வு, ஒரு நீளக்கோட்டின் நடுவில் சின்னக் குச்சி ஒட்டிய குறியீட்டில் இருக்கும். நீளக்கோடு ஸ்ட்ரைக், குச்சி நீட்டும் பக்கம் சாய்வு, பக்கத்து எண் பாகை.

குறியீடு இல்லாவிட்டாலும் பள்ளத்தாக்குகள் சொல்லிவிடும். எல்லைக்கோடு ஓடையைக் கடக்கும் இடத்தில் வளைந்து 'வி' வடிவம் எடுக்கும். அந்த முனை எந்தப் பக்கம் காட்டுகிறதோ, அடுக்கும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான் சாய்ந்திருக்கும். ஓடையின் இறக்கத்தைவிட மெல்லிய சாய்வு ஓடைத் திசையிலேயே இருந்தால் மட்டும் இது பொய்க்கும். எல்லைக்கோடு சமவுயரக் கோட்டோடு (ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடு) ஒட்டியே போனால் அடுக்கு கிடையாகக் கிடக்கிறது. மலை, பள்ளம் எதற்கும் வளையாமல் நேராகப் போனால் செங்குத்தாக நிற்கிறது.

வண்ணங்களைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. உலக வழக்கில் கிரிட்டேசியஸுக்குப் பச்சை, ஜுராசிக்குக்கு நீலம், அண்மைக் காலப் படிவுகளுக்கு வெளிர் மஞ்சள். ஆனால் நாட்டுக்கு நாடு, தாளுக்குத் தாள் மாறும். ஓரத்திலுள்ள குறிவிளக்கத்தை முதலில் படியுங்கள், அதில் பெட்டிகள் வயது வரிசையில்தான் அடுக்கியிருக்கும், அடியில் மூத்தது. அடுக்குகளைப் புதைபடிவத்தால் அடையாளம் கண்டு ஒரு நாட்டுக்கே வண்ணம் தீட்டியவர் வில்லியம் ஸ்மித். இங்கிலாந்தில் கால்வாய் வெட்டும் இடங்களில் நில அளவைக்காரராக இருந்தவர். அவருடைய வரைபடம் 1815இல் வெளியானது.

நிலவில் யாரும் கால் வைப்பதற்கு முன்பே அதற்குப் புவியியல் வரைபடம் போடத் தொடங்கிவிட்டார்கள். அமெரிக்கப் புவியியல் ஆய்வு மையத்தின் யூஜின் ஷூமேக்கரும் ராபர்ட் ஹேக்மனும் 1960களின் தொடக்கத்தில் தொலைநோக்கிப் படங்களை வைத்தே கோப்பர்நிக்கஸ் பள்ளத்தைச் சுற்றிய பகுதியின் வரிசையைப் பிரித்தார்கள். கோப்பர்நிக்கஸ் சுமார் 93 கிலோமீட்டர் அகலமுள்ள பள்ளம். விண்கல் மோதியபோது அதிலிருந்து தெறித்த வெளிர்நிறப் பொருள், பக்கத்திலுள்ள எரட்டோஸ்தினிஸ் பள்ளத்தின் மேல் விழுந்து கிடக்கிறது. எனவே எரட்டோஸ்தினிஸ் மூத்தது. எரட்டோஸ்தினிஸிலிருந்து தெறித்தவை கருமையான எரிமலைச் சமவெளியின் மேல் கிடக்கின்றன. அந்தச் சமவெளி, இம்பிரியம் என்ற மாபெரும் மோதல் வட்டிலிலிருந்து சிதறியவற்றை மூடியிருக்கிறது. காரையில் ஜிப்சத்தையும் களிமண்ணையும் வைத்துச் செய்த அதே வாதம். நிலவின் காலப் பிரிவுகளுக்கு இந்தப் பெயர்களே வந்துவிட்டன.

வரிசை கிடைத்தால் போதுமா, வயது வேண்டாமா? நிலவில் அம்மோனைட் இல்லை. பதிலாகப் பள்ளங்களை எண்ணுகிறார்கள். பழைய தரை அதிக காலம் அடிபட்டிருக்கும், எனவே அதில் பள்ளங்கள் அதிகம். அந்த எண்ணிக்கையை ஆண்டுகளாக மாற்ற அப்பல்லோ பயணங்கள் கொண்டுவந்த 382 கிலோ கற்களும் மண்ணும் உதவின. எந்த இடத்துக் கல் என்பது தெரியும், அதன் கதிரியக்க வயதும் தெரியும், அந்த இடத்துப் பள்ளங்களையும் எண்ணிவிடலாம். 2020இல் சீனாவின் சாங்-இ 5 கொண்டுவந்த எரிமலைக்கல் சுமார் 200 கோடி ஆண்டு வயதுள்ளது. அப்பல்லோ கற்கள் பெரும்பாலும் 300 கோடி ஆண்டுக்கு மேற்பட்டவை என்பதால், நடுவிலிருந்த பெரிய இடைவெளியில் ஒரு புள்ளி கிடைத்தது. செவ்வாயிலிருந்து நாம் எடுத்து வந்த கல் எதுவும் இன்னும் கையில் இல்லை. அங்கே நிலவின் கணக்கைத் திருத்தித்தான் பயன்படுத்துகிறார்கள். 2014இல் வெளியான செவ்வாயின் முழு வரைபடத்தைப் பார்க்கும்போது, வரிசையை நம்புங்கள், ஆண்டுக்கணக்கைக் கொஞ்சம் தளர்வாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நிலவுக்கும் நம் பக்கத்துக்கும் உண்மையான இணைப்பு ஒன்று உண்டு. நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டி, குன்னமலைப் பகுதியில் அனார்த்தோசைட் என்ற வெளிர்நிறப் பாறை கிடைக்கிறது. நிலவின் மேட்டுநிலங்களும் முக்கியமாக இந்த வகைப் பாறைதான். அதனால் சந்திரயான் தரையிறங்கியையும் ஊர்தியையும் சோதிக்க, இங்கிருந்து எடுத்த பாறையிலிருந்து நிலவு மண்ணுக்கு மாற்றாக மண் தயாரித்தது இஸ்ரோ. 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 இறங்கியது. பிரக்யான் ஊர்தி அளந்த மண்ணின் வேதிக்கூறும் அனார்த்தோசைட்டையே காட்டியது. ஆனால் பாறை ஒன்றாக இருப்பதால் வரலாறும் ஒன்றாகிவிடாது. நிலவு பிறந்த புதிதில் அதன் மேற்பரப்பே உருகிய பாறைக் கடலாக இருந்தது, எடை குறைந்த கனிமங்கள் மேலே மிதந்து ஓடாக உறைந்தன. சித்தம்பூண்டிப் பாறை ஏறக்குறைய 250 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் ஓட்டுக்குள் பாறைக்குழம்பு அடுக்கடுக்காக உறைந்து, பிறகு ஆழத்தில் வெந்து உருமாறியது. கையில் எடுத்த ஒரு துண்டு இந்த வித்தியாசம் முழுவதையும் சொல்லாது. சுற்றியுள்ள பாறைகளோடு அது எப்படிச் சேர்ந்திருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தால்தான் தெரியும்.

பயிற்சிக்கு ஒன்று செய்யுங்கள். புவியியல் ஆய்வுத் துறையின் பூகோஷ் இணையதளத்தில் 1:50,000 அளவில் புவியியல் வரைபடங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. அதில் 2 சென்டிமீட்டர் தரையில் ஒரு கிலோமீட்டர். அரியலூர்ப் பகுதியை எடுத்து, பெரம்பலூர்ப் பக்கத்திலிருந்து ஜெயங்கொண்டம் பக்கமாக ஒரு நேர்கோடு போடுங்கள். அந்தக் கோடு ஒவ்வொரு எல்லையையும் எங்கே வெட்டுகிறது என்று ஒரு காகிதத் துண்டின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, அங்கிருந்து சாய்வின் பாகையில் கீழே கோடுகள் இழுத்தால், நிலத்தை வெட்டிப் பக்கவாட்டில் பார்ப்பது போன்ற குறுக்குவெட்டு வந்துவிடும். செங்குத்து அளவை உயர்த்தாமல் வரைந்தால் அடுக்குகள் கண்ணுக்குத் தெரியாத அளவு மெலிந்துபோகும். எனவே ஐந்து மடங்கு பெருக்கிக்கொள்ளலாம். அப்போது 5 பாகைச் சாய்வு தாளில் கிட்டத்தட்ட 24 பாகையாகத் தெரியும். எத்தனை மடங்கு பெருக்கினீர்கள் என்பதைக் குறுக்குவெட்டின் ஓரத்தில் கட்டாயம் எழுதி வையுங்கள்.